முதல் கால் நட்ட கார்த்திகை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சர்க்கரையில் தொடங்கி முழங்காலில் முடிகிறது. வெளியே மழை பிடித்துக்கொண்டால் மட்டும் புயல் கதை. எங்கள் வீட்டு ஓடு பறந்தது, எங்கள் தெரு வேம்பு சாய்ந்தது என்று ஆளாளுக்கு அளக்கிறீர்கள். அளந்துகொள்ளுங்கள், யார் வேண்டாமென்றது? நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "டீச்சரம்மாவுக்கு இன்னா தெரியும், மெத்தை வீட்டுக்காரி" என்று கிண்டல் வேறு. அட போங்கள். திருவொற்றியூருக்கு வடக்கே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், மணல்மேல் போட்ட ஓலை வீட்டில் பிறந்தவள் நான். பேசாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. இந்தத் தடவை சொல்லிவிடுகிறேன். கேட்டு முடித்ததும் யாரும் ஆறுதல் சொல்ல வரக்கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஐப்பசி கடைசியில் அந்தப் புயல் அடித்தது. உங்களுக்கெல்லாம் காற்றின் சத்தம் காதிலேயே இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு அது துளிகூட ஞாபகம் இல்லை. அம்மா ஒரு வலைக்கயிற்றால் என்னைத் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டி ஓடியதும், எண்ணெய் ஆலையின் பழைய கிடங்கில் புண்ணாக்கு மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நான் தூங்கிப்போனதும்தான் ஞாபகம். ஆமாம், தூங்கினேன். குழந்தைகள் அப்படித்தான். இன்றைக்கும் கடலைப் புண்ணாக்கு வாசனை மூக்கில் பட்டால் எனக்கு வயிறு பசிக்கும்.

நைனா முந்தின நாள் விடியலில் கட்டுமரத்தோடு கடலுக்குப் போயிருந்தார். கூடப் போக வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல், அதனால் தனியாகப் போனார். என்னிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போனார் என்று சொல்ல ஆசைதான். ஒன்றும் சொல்லவில்லை. அப்போதும் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கரைக்கு வந்து பார்த்தால் குப்பம் இருந்த இடத்தில் குப்பம் இல்லை. இடிந்து கிடந்தது என்றால்கூட மனசு ஒப்பும். ஈரச் சீப்பால் வாரிவிட்ட தலை மாதிரி மணல் வழவழவென்று கிடந்தது. நாற்பது வீடு, இரண்டு தெரு, வலை காயப்போடும் மேடு, ஒரு சின்ன அம்மன் கோயில். எதுவும் இல்லை. எந்த இடத்தில் நின்று அழுவது என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

பெண்கள்தான் வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் வடிந்த இரண்டாம் நாள், ஆலையில் கடப்பாரை கேட்டு வாங்கி வந்து மணலில் குத்திக்கொண்டே நடந்தார்கள். எங்கேயாவது ணங் என்று கேட்டால் உட்கார்ந்து கையால் தோண்டுவார்கள். அடியில் ஒரு அம்மிக்கல் இருக்கும், இல்லையென்றால் உரல். கடல் சட்டி பானையை எடுத்துப்போயிற்று, பெட்டியை, பாயை, என் ஸ்லேட்டை, அம்மாவின் கல்யாணப் புடவையை, நைனாவின் புகையிலை டப்பியை எல்லாம் எடுத்துப்போயிற்று. கல்லை மட்டும் அதனால் நகர்த்த முடியவில்லை. ஒவ்வொருத்தியும் கல்லின் குழிவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துத் தன்னுடையதா அடுத்த வீட்டுக்காரியுடையதா என்று சொன்னாள். தப்பே வரவில்லை. மாலைக்குள் மணலில் முப்பது கல்லுக்கு மேல் வரிசையாக எழுந்துவிட்டன. தெரு திரும்பக் கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் அம்மியையும் அம்மா கண்டுபிடித்து, "நம்புளுதுதான்" என்று அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

என் பெரியப்பாதான் குப்பத்துத் தலைவர். நைனாவுக்கு அண்ணன். பனைமரம் போல உயரம், குரல் மட்டும் மெல்லிசு. கல் வரிசையைப் பார்த்ததும் அவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். "வூடு எங்க இருந்துச்சோ அங்கயே வரும். ஒரு முழம்கூட நகர மாட்டோம்" என்றார். அன்றைக்குத் தொடங்கியது அந்த வேகம். அதை நான் கேலி செய்ய மாட்டேன். பட்டினி வயிற்றோடு ஆண்கள் எண்ணூர்ப் பக்கம் போய்ச் சவுக்குக் கழி சுமந்து வந்தார்கள். தெற்கத்தி மளிகைக்காரர் ஒருவர் கயிற்றுக் கட்டுகளைத் தானாகவே கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். பெண்கள் விரல் கிழியக் கிழியக் கீற்று முடைந்தார்கள். கண் தெரியாத ஒரு கிழவர் உட்கார்ந்த இடத்திலேயே நாள் முழுக்கக் கயிறு திரித்தார்.

நிவாரண ஆபீசர் ஒருவர் குடையும் கோப்புமாக வந்தார். நல்ல மனிதர்தான். "இது திரும்பவும் கடல் வரும் இடம். சாத்தாங்காட்டுப் பக்கம் மேட்டு நிலம் தருகிறோம், போய்விடுங்கள்" என்றார்.

"அங்க போயி இன்னா சாமி, நெல்லு நடறதா?" என்று பெரியப்பா கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். புயலுக்குப் பின் குப்பம் சிரித்த முதல் சிரிப்பு அது.

ஆபீசருக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார். இங்கிலீஷ் வருஷம் பிறப்பதற்குள் கூரை ஏறியிருந்தால் இருக்கலாம். இல்லையென்றால் இடம் வேறு காரியத்துக்குப் போய்விடும், குப்பம் மேட்டுக்குப் போயாக வேண்டும். போதுமான நாள் இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மார்கழியில் நாங்கள் வீட்டுக் கால் நட மாட்டோம். எல்லா வீட்டுக்கும் முதல் கால் கார்த்திகைக்குள் நட்டாக வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல். முதல் கால் நடுவது மங்கல காரியம், மஞ்சள் பூசிக் கயிறு கட்டி நட வேண்டும். கடலுக்குப் போனவன் திரும்பாமல், அவனுக்குச் செய்ய வேண்டியதும் செய்யாமல் இருக்கும்போது பங்காளிகள் யாரும் மங்கல காரியத்தில் கை வைக்கக் கூடாது. குப்பத்தில் நாற்பது வீடும் பங்காளி. அன்றைக்குக் கடலில் இருந்தவர்கள் ஐந்து பேர். இரண்டு பேர் உடல் எண்ணூர் முகத்துவாரத்தில் கிடைத்தது. இன்னும் இரண்டு பேர் போன கட்டுமரம் துண்டாகக் கரை ஒதுங்கியது. நாலு பேருக்கும் காரியம் முடிந்தது. ஐந்தாவது ஆள் என் நைனா. அவருடையதென்று ஒரு நூல்கூடக் கரைக்கு வரவில்லை. அம்மா தாலியைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள்.

கிடங்கில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருக்க, பெரியப்பா கேட்டது எனக்கு இப்போதும் கேட்கிறது.

"ஏம்மா, பதினெட்டு நாளு ஆச்சு. அவன் எனக்கும் தம்பிதான். எனக்கு மட்டும் வயிறு எரியலைன்னு நெனச்சுக்கினியா?"

"பொணத்தக் காட்டு மாமா. அதுவும் இல்லன்னா அவரு கை பட்ட பொருளு ஒண்ணு காட்டு. நானே கழட்டிக் குடுத்துடறேன். ஒண்ணுமே இல்லாம, கார்த்திகை முடியப் போவுதுன்னு நான் அவரக் கொன்னுடணுமா?"

"நாப்பது வூடும்மா."

"எனக்கு ஒரு வூடு மாமா."

வெளியே சவுக்குக் கழியும் கீற்றும் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. நடுவதற்கு ஆள் தயார், இடம் தயார். ஒருத்தியின் கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிறு எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தது.

யாராவது அடித்தார்கள், திட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால்கூடத் தேவலை. பக்கத்தில் படுத்தவர்கள் பாயை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த நாள் இன்னொரு முழம். கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிறவள் என் தட்டைப் பார்ப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அத்தனை பேர் நெருக்கியடித்துக் கிடந்த கிடங்கில் எங்கள் இரண்டு பேரைச் சுற்றி மட்டும் தரை காலியாகக் கிடந்தது.

பெரியப்பா மகள் என் வயதுதான். அவள்தான் என் கூட்டாளி. ஒரே சீப்பில் தலை வாருவோம், ஒரே சோழியில் விளையாடுவோம். அவளிடம் போனேன். அவள் மடியில் அவள் தம்பி காய்ச்சலோடு கிடந்தான்.

"எங்கம்மா உன்னாண்ட பேசக் கூடாதுன்னுச்சு" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"உங்கம்மாவாலதான் நாங்கல்லாம் இங்க கெடக்கறோம். தம்பிக்கு நெருப்பா கொதிக்குது. நீ போ."

போனேன். வேறென்ன செய்வது? கிடங்குக்குப் பின்னால் உடைந்த தராசு ஒன்று கிடந்தது. அதன் ஒரு தட்டில் நான் உட்கார்ந்து, இன்னொரு தட்டில் என் கூட்டாளி உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு பேசுவேன். அவளுக்காக நானே கோபித்துக்கொள்வேன், நானே சமாதானமும் ஆவேன். இரண்டு பங்கு சோழியையும் நானே போடுவேன், சோழிக்குப் பதில் புண்ணாக்குத் துண்டு. ஆலைச் சங்கு ஊதினால் இன்னும் ஒரு நாள் பாதி போயிற்று என்று தெரியும். ஒன்பது வயதில் பத்து நாள் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கு மறந்துபோயிருக்கும். எனக்கு மறக்கவில்லை.

அம்மா விடிந்ததும் கரைக்குப் போய்விடுவாள். முதலில் நானும் கூடப் போனேன். கடலைப் பார்த்தபடி நிற்பாளே தவிர என்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டாள். பிறகு போவதை விட்டுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அம்மா மேல்தான் ஆத்திரம். நைனா வர வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம் இருந்தது. என்னை யாராவது விளையாடக் கூப்பிட வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக வளர்ந்துகொண்டே போயிற்று. பாவி மனசு.

கார்த்திகை முடிய எட்டு நாள் இருந்தது. அன்றைக்குக் காலையில் கரையோரமாக வடக்கே நடந்தேன். எங்கே போகிறாய் என்று கேட்க ஆள் இல்லை. எண்ணூர்ப் பக்கம் தாழம்புதர் நெடுகப் புயல் அள்ளிப்போட்ட குப்பை. ஒரு புதரின் முள்ளுக்குள் துடுப்பு ஒன்று சொருகிக் கிடந்தது. எங்களில் ஒவ்வொரு வீட்டுத் துடுப்புக்கும் பிடிக்குக் கீழே ஓர் அடையாளம் வெட்டியிருப்பார்கள். நைனாவுடையது மூன்று நேர்கோடு, அவற்றை வெட்டிப் போகும் ஒரு சாய்கோடு. இழுத்துப் பார்த்தேன். அடையாளமே இல்லை. யாருடையதோ, எந்த ஊருடையதோ.

அப்பாடா என்று இருந்தது. சத்தியமாக. துடுப்பைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தக் குப்பையிலேயே துருப்பிடித்த பீப்பாய்ப் பட்டைத் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்து வெட்டத் தொடங்கினேன்.

நல்ல மரம், லேசில் வெட்டு விழவில்லை. உள்ளங்கை இரண்டு இடத்தில் கிழிந்தது. மூன்று கோடு போட்டு, சாய்கோடும் போட்டு, புது வெட்டு வெளுப்பாகத் தெரியாமலிருக்க ஈர மணலைப் பூசினேன். இழுத்துக்கொண்டு கிடங்குக்கு வந்தபோது நடுப்பகல், எல்லாரும் கூழுக்கு வரிசையில் நின்றார்கள். வரிசை அப்படியே நின்றுபோயிற்று.

"நைனா துடுப்பு" என்றேன். என் குரல் எனக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது.

அம்மா எழுந்து வந்து வாங்கினாள். அடையாளத்தின்மேல் கட்டைவிரலை வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவள் துடுப்போடு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து, சாம்பலை ஈரக்கையால் அள்ளி அந்த அடையாளத்தின்மேல் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

"இன்னாம்மா பண்றே?" என்றார் பெரியப்பா.

"மண்ணா கீது மாமா. தொடைக்கறேன்."

வெகு நேரம் துடைத்தாள். பிறகு எழுந்து துடுப்பைப் பெரியப்பாவின் இரண்டு கையிலும் கொடுத்தாள். "அவருதுதான்" என்றாள். அந்த உயரமான மனிதர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "டேய் தம்பி" என்று ஊரே கேட்கக் கத்தி அழுதார்.

மூன்றே நாளில் எல்லாம் முடித்தார்கள். துடுப்புக்கு வேட்டி சுற்றிக் கரையில் கிடத்தி, உடலுக்குச் செய்வதையெல்லாம் அதற்குச் செய்து எரித்தார்கள். அம்மாவின் கையில் வளையல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. என்னோடு பேசக்கூடாதென்று தடுத்த பெரியம்மாதான் அவளைக் கட்டிக்கொண்டு எல்லாரையும்விட அதிகமாக அழுதாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பொய்" என்று ஒரே ஒரு சொல். வாய் வரவில்லை. எனக்குப் பயம், வெட்கம், அதோடு, மறைக்காமல் சொல்கிறேனே, நாளைக்கு விளையாடப் போகலாம் என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல். மூன்றும் ஒன்றாக ஒரு சின்ன உடம்பில் இருந்தன.

நைனா வரவே இல்லை. நீங்கள் கேட்பீர்களென்று தெரியும், அதனால் சொல்லிவிடுகிறேன். எந்தக் கரையிலும் ஒதுங்கியதாகவும் தகவல் இல்லை. என் பொய் உண்மையாகிவிட்டது, அதனால் அது பொய்யில்லை என்று என் படித்த மூளை எத்தனையோ தடவை வாதாடிப் பார்த்துவிட்டது. என் மனசு அதை ஏற்கவில்லை.

வீடுகள் எழுந்தன. கார்த்திகை முடிவதற்குள் நாற்பது காலும் நட்டு, இங்கிலீஷ் வருஷம் பிறக்கும் முன்பே கூரை ஏறிவிட்டது. ஆபீசர் வந்து பார்த்துத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அவரைப் பார்த்து நாங்கள் கைகொட்டிச் சிரித்தோம். இன்றைக்கு அந்தத் தெரு இருந்த இடத்தில் அலை அடிக்கிறது, கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மனிதர் சொன்னது சரிதான். ஆனாலும் அன்றைக்கு நாங்கள் மேட்டுக்குப் போயிருந்தால் குப்பம் என்ற ஒன்றே கலைந்து போயிருக்கும். இரண்டும் சரியாக இருப்பதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அம்மா அந்த மணலிலேயே இருந்து, மீன்கூடை சுமந்து, என்னைப் படிக்கவைத்துக் கிழவியாகிப் போய்ச் சேர்ந்தாள். குப்பத்தில் அவளுக்கு மரியாதை அதிகம். "ஊருக்காகத் தாலியக் குடுத்தவ" என்று எந்தப் பஞ்சாயத்திலும் முதலில் அவள் பேரைத்தான் எடுப்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பினேன். நாற்பது வீட்டுக்காக விட்டுக்கொடுத்தாள் என்று பிள்ளைகளுக்கு வகுப்பில் பெயர் சொல்லாமல் கதையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். முதல் கால் நட்ட நாளில் நடந்ததை வைத்துக்கொண்டு எப்படி அப்படி நம்பினேனோ, தெரியவில்லை.

அன்று காலையில் பெரியப்பா, "என் தம்பி வூட்டுக்குத்தான் முதல் கால்" என்றுவிட்டார். எங்கள் இடத்தில் குழி வெட்டி, மஞ்சள் பூசிய சவுக்குக் கழியைப் பத்துப் பேர் பிடித்து நிறுத்தினார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். மங்கல காரியம் என்பதால் அம்மா பக்கத்தில் வரக்கூடாது. தன் வீட்டுக்கு நடும் காலை அவள் ரயில் பாதை மேட்டில், கிடங்குச் சுவரை ஒட்டி நின்று பார்த்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

கீழேயிருந்து என் கூட்டாளி கையைத் தட்டி, "ஏய், வாடி! சோழி ஆடலாம், வா!" என்று கூப்பிட்டாள்.

நான் நகரவில்லை. அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையில் இரண்டு கீறலும் காய்ந்து கிடந்தன. முந்தானையை எச்சிலில் நனைத்து அவற்றின்மேல் இருந்த அழுக்கை ஒற்றி எடுத்தாள். வலிக்காமல்தான் ஒற்றினாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "யாராண்டையும் சொல்லிக்காத. நீ அந்தத் தராசாண்ட தனியா பேசிக்கினு இருந்தத நானும் பாத்துக்கினுதான் இருந்தேன். போ கண்ணு. இப்ப சேத்துக்குவாங்க. போயி வெளயாடு."

ஊருக்காகவாம்.

நான் போனேன். அவளைச் சுவரோரம் தனியாக விட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினேன். அன்றைக்கு எல்லா ஆட்டத்திலும் என்னை ஜெயிக்கவிட்டார்கள்.